ஒன்பதாவது கேள்வி

ஜூன் 9, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். ஆறு மாதத் தற்காலிகப் பணி. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு வார்டு வார்டாகப் பரிசோதனை முகாம் நடக்கப்போகிறது. அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். தமிழ் எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் தேர்வு எழுதிக்கொண்டே இருந்தவளுக்கு இது பரவாயில்லை. கேட்பதும் எழுதுவதும்தானே.

பிலோமினா சிஸ்டர்தான் எங்களுக்குப் பொறுப்பு. போடியில் எங்கள் பகுதிக்குப் பதினெட்டு வருடமாக அவர்தான் நர்ஸ். படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். ஒன்பதாவது கேள்வியில் நிறுத்தினார். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு இரத்தப்போக்கு உண்டா?

"இதுக்கு யாராவது 'உண்டு'ன்னு சொன்னா முகாம் வரைக்கும் வைக்கக் கூடாது. அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "எந்தப் பொம்பளையும் தானா வாயத் தொறக்க மாட்டா. நாமதான் கேக்கணும். கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். அவளே சொல்லுவா."

நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல வாக்கியம்.

ஜூன் 12, வியாழன்

பெண்கள் என்னை வரவேற்பதும் வரவேற்காததும் படிவத்தின் பக்கத்தைப் பொறுத்தது. முதல் பக்கம் இரத்த அழுத்தம், சர்க்கரை. காபி தருகிறார்கள். இரண்டாம் பக்கம் மார்பு, கர்ப்பப்பை. பால் பொங்கிவிட்டதாகச் சொல்லி உள்ளே போய்விடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியத்தையிடம் இன்று கேட்டேன். அம்மாவோடு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவர். அப்பா இருந்த காலத்திலிருந்தே அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவார்.

"பேத்தி எடுத்தவளயெல்லாம் வந்து படுத்துக் காட்டச் சொல்றீகளேத்தா. பெத்தப்ப பாத்தவுகளே செத்துப்போனாக. இனி என்னத்த பாக்கப்போறீக?"

"அஞ்சு நிமிஷம்தான் அத்தை. வலிக்காது."

"வலிக்குப் பயந்தவளா நானு? ஏழு பேரப் பெத்து நாலு பேரப் பொழைக்க வச்சிருக்கேன்."

ஏழு என்று எனக்கு இதுவரை தெரியாது. இருபத்தாறு வருடமாகப் பக்கத்து வீடு. கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் சொன்னார். கடைசியில் வருவதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் தெரு முடிந்தது. நாற்பத்தொரு படிவம். கடைசியாக எங்கள் வீடு.

அம்மா குடோனிலிருந்து வரவில்லை. குக்கர் விசில் வரும்வரை சும்மாதானே நிற்கிறோம் என்று அடுப்படியிலேயே வைத்து நிரப்பினேன். பெயர் ராமுத்தாய். வயது ஐம்பத்து மூன்று. புகையிலை இல்லை. சர்க்கரை இல்லை. மாதவிலக்கு நின்றது நான்கு வருடங்களுக்கு முன். அதற்குப் பிறகு வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது விசிலுக்குள் முடிந்தது. மற்ற வீடுகளில் ஒரு படிவத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது.

அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "உன் ஃபாரத்தையும் எழுதிட்டேன்."

"எந்த ஃபாரம்?"

"முகாம் ஃபாரம்."

"என்னைய ஒண்ணும் கேக்கலையே."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முகம் கழுவப் போனாள். சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னேன், "நம்ம தெருவுலேயே சீக்கிரம் முடிஞ்ச ஃபாரம் உன்னோடதுதான்." அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

நகராட்சிப் பள்ளியில் முகாம். இரண்டு வகுப்பறைகளுக்குச் சேலைத் திரை கட்டியிருந்தோம். வாசலில் பதிவு மேசை எனக்கு.

எங்கள் பக்கம் மாதவிலக்கைத் 'தூரம்' என்பார்கள். அன்றைக்கு இந்தப் பரிசோதனை செய்ய முடியாது. காலை பத்து மணிக்குள் இந்த விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பதினோரு மணிக்கு வரிசையில் பாதிப் பேர் தூரம்.

"என்ன ஜோதி, தெருவுக்கே ஒண்ணா வந்துருச்சா?" என்று பிலோமினா சிஸ்டர் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். "சொல்றவங்ககிட்ட தேதி கேட்டு எழுது. அடுத்த வாரம் கூப்பிட்டுக்கலாம்."

பேச்சியத்தை உள்ளே போய்விட்டு வந்து வாசலிலேயே அறிவித்தார். "அடிப் போங்கடி, இதுக்கா பயந்து செத்தேன்! கொசுக்கடி!"

அம்மா வரிசையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது விலகி என் மேசைக்கு வந்தாள். குனிந்து, காதருகே சொன்னாள். "நான் தூரமா இருக்கேன்னு எழுதிக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, காலையிலேருந்து பதினோரு பேர் இதையே சொல்லிட்டாங்க. நீயாவது வேற ஏதாச்சும் சொல்லு. உனக்குத்தான் நின்னு நாலு வருஷமாச்சே."

மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது.

"மதினிக்கு இன்னும் கொமரின்னு நெனப்பு!" என்றார் பேச்சியத்தை.

அம்மாவும் சிரித்தமாதிரிதான் இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தூரம் என்று எழுதினேன். மற்ற பதினோரு பேருக்கும் தேதி கேட்டு எழுதியிருக்கிறேன். அம்மாவின் கட்டத்தைக் காலியாக விட்டேன். பொய்க்கு எதற்குத் தேதி.

ஜூலை 2, புதன்

விட்டுப்போனவர்களை இன்று கூப்பிட்டோம். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். சிஸ்டர் என்னைப் பாராட்டினார்.

அம்மாவையும் இழுத்துப் போக வேண்டும் என்று நேற்று நினைத்திருந்தேன். குடோனில் லோடு நாள். எப்படியும் வரமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பீரோவில் எனக்கென்று வைத்திருந்த நாப்கின் பாக்கெட்டில் இரண்டுதான் இருந்தன. போன மாதமும் இப்படித்தான் பாதியில் தீர்ந்தது. எண்ணிவைக்கும் பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது. புதிதாக வாங்கி வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மா ஒவ்வொரு வருடமும் அம்மன் கோயிலுக்குத் தூக்குவாளியில் கூழ் ஊற்றிக்கொண்டு போவாள். இந்த வருடம் கூழுக்கு நான்தான் மாவு கரைத்தேன். கொண்டுபோனது பேச்சியத்தை. அம்மா வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"நீ வரலையா மதினி?"

"முழங்கால் ஏற மாட்டேங்குது. நீ போயிட்டு வா."

மாலை விளக்கையும் என்னையே ஏற்றச் சொன்னாள். இரண்டு மாதமாகவே பாதி நாள் நான்தான் ஏற்றுகிறேன். வயதானால் பக்தி கூடும் என்பார்கள். அம்மாவுக்குக் குறைகிறது. நான் பகுத்தறிவுப் புத்தகங்களை வாசித்து அவ்வப்போது சொல்வதெல்லாம் காதில் விழுந்திருக்குமோ என்று ஒரு சின்ன கர்வம் வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

அம்மா தினமும் காலையில் ஊறவைத்த வெந்தயம் விழுங்குகிறாள். உடம்பு சூடாம். "நாள் பூரா ஏலக்காயோட கெடந்தா சூடு ஏறாம?" என்கிறாள். இடுப்பு வலிக்கும் அதே காரணம்.

ஜாக்கெட் இரண்டைப் பிடித்துத் தரச் சொன்னாள். ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் அளவு உள்ளே தைத்தேன். ரேஷன் அரிசியைக் குறைத்ததால் இளைத்திருக்கிறாள், நல்லதுதான் என்று சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நூலகத்திலிருந்து ஒரு தடித்த ரஷ்ய நாவல், மொழிபெயர்ப்பு. மதியம் முழுக்கப் படித்தேன். அம்மா பக்கத்தில் படுத்திருந்தாள்.

"என்ன கதை?"

"ஒரு பொம்பளை சாகக் கிடக்கிறா. நாப்பது பக்கமா."

"பாக்க ஆரும் இல்லையா?"

"எல்லாரும் அதே வீட்டுலதான் இருக்காங்க."

"ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "படிச்சவுகளா?" என்று கேட்டாள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே ஆமாம் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பதினேழாவது வார்டு. அன்னக்கிளி என்று ஓர் அம்மாள், ஐம்பத்தெட்டு வயது, மகன் வீட்டில் இருக்கிறார். ஒன்பதாவது கேள்விக்கு "உண்டுத்தா" என்றார்.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆனி மாசத்துல இருந்து. மொத ரெண்டு நாளு லேசா வந்துச்சு. உடம்புச் சூடுன்னு நெனச்சு வெந்தயம் முழுங்குனேன். மருமக வச்சிருக்கறதுல இருந்து சொல்லாமத்தான் எடுத்துக்கிறேன். வெளக்குக்குப் பக்கத்துல போறதில்ல. இந்த வயசுல, அதும் புருசன் போனதுக்கப்புறம், இது திரும்ப வந்திருக்குன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல? சிரிக்க மாட்டாக?"

சிஸ்டருக்கு உடனே போன் செய்தேன். அன்றைக்கே அந்த அம்மாளை அழைத்துப் போனார். நான் மீதி நான்கு வீடுகளையும் முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வெந்தயம் ஊறவைக்கும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அக்டோபர் 15, புதன்

ரேஷனில் பருப்பு வரவில்லை. போர்வை இரண்டும் துவைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அதிரசத்துக்கு மாவு இடித்தாயிற்று. விளக்கு நான் ஏற்றினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். புதுச் சேலையை நான்தான் சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தேன். அம்மா கூடத்தில் நின்றே வாங்கிக்கொண்டாள். பண்டிகை முடியட்டும்.

அக்டோபர் 22, புதன்

அன்னக்கிளி அம்மாளைக் கேட்டு எட்டு நாள்.

மதியம் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். என்ன வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவோடு இதையெல்லாம் பேச எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் படிவத்தில் இருப்பதையே சொன்னேன். "மாதவிலக்கு நின்ன பிறகு இரத்தப்போக்கு உண்டா?"

அம்மா நான்கைந்து காம்பு உருவினாள்.

"சித்திரையில இருந்து," என்றாள். "திரும்ப வந்துருச்சுன்னு நெனச்சேன். வாரதும் போறதுமா இருந்துச்சு. இப்ப நிக்க மாட்டேங்குது."

"ஏம்மா சொல்லல?"

கீரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கோபமே இல்லை.

"முகாமுல வச்சுச் சொன்னேனே."

அக்டோபர் 24, வெள்ளி

பிலோமினா சிஸ்டரிடம் அழைத்துப் போனேன். அம்மா இந்தத் தடவை மறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் வெகு நேரம் ஆனது. சிஸ்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். வழக்கமாக அந்த நேரத்தில் ஏதாவது கேலி சொல்வார்.

மதுரைக்குச் சீட்டு எழுதுவதற்காக அம்மாவின் பழைய படிவத்தை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்தார்.

"ஒன்பதுக்கு இல்லைன்னு இருக்கு. சித்திரையில இருந்துன்னு சொல்றீங்க. இது ஜூன் மாசம் எழுதினது."

அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தான் இல்லைன்னு சொன்னேன் சிஸ்டர். அவ கேட்டா. வெக்கமா இருந்துச்சு, மறைச்சுட்டேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "சிஸ்டர் கை மெதுவாத்தான் இருக்கு. பேச்சி சொன்னது சரிதான்," என்றாள்.

நவம்பர் 5, புதன்

மதுரையிலிருந்து முடிவு. கர்ப்பப்பை வாயில் புற்று. மூன்றாம் நிலை. அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு வைக்க வேண்டும், கூடவே மருந்து.

அம்மாவிடம் புண் என்று சொன்னேன். "என்ன புண்ணு?" என்றாள். பதில் சொல்வதற்குள், "சரி, எத்தன நாளு குடோனுக்கு லீவு போடணும்?" என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

மதுரை ஆஸ்பத்திரி. இளவயது டாக்டர். நல்லவர், களைத்திருந்தார். சுற்றிலும் நான்கு மாணவர்கள். சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, ஜூன்ல வீட்டுக்கே வந்து கேட்டிருக்காங்க. முகாமும் நடந்திருக்கு. அப்பவே சொல்லியிருந்தா இந்த அலைச்சலே இல்லையே. எதுக்கு மறைச்சீங்க?"

அம்மா தலையைக் குனிந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முன்னால் கோத்திருந்தாள்.

"தப்புதாங்க."

"இவங்க யாரு, பொண்ணா? என்ன வேலை பாக்கறீங்க?"

நான் சொன்னேன். அவர் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாருங்க. சொந்தப் பொண்ணே ஃபீல்டுல இருந்தும் அம்மா வாயைத் திறக்கல. இதுதான் நம்ம பிரச்னை." ஒரு பெண் அதைக் குறிப்பெடுத்தாள். டாக்டரும் கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தலைகீழாகவே வாசித்தேன். வீட்டில் கேட்டபோது நோயாளி மறுத்தார் என்று இருந்தது.

எழுதப்பட்ட எதையும் வாசித்தால் மறக்காத பழக்கம் எனக்கு. வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்ததால்தான் பேசவில்லை என்று இங்கே எழுதப் பார்த்தேன். அவள் லேசாகத்தான் பிடித்திருந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை. கதிர் மொத்தம் இருபத்தைந்து தடவை. ஒன்பது முடிந்திருக்கிறது. காலையில் வரிசை, கதிர், பிறகு வாந்தி, பிறகு மோர்ச்சோறு. என் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இன்னும் இரண்டு வாரம் மிச்சமிருந்தது. பதினெட்டாவது வார்டை வேறு யாரோ கேட்பார்கள்.

வரிசையில் அம்மாவுக்குச் சிநேகிதிகள் சேர்ந்துவிட்டார்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் தினமும் பூ வைத்துக்கொண்டு வருகிறார்.

"மெசினுக்குத்தான் காட்டப்போறேன், அதுக்காச்சும் நல்லா இருக்க வேணாமா?" என்கிறார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா இப்படிச் சிரிப்பாள் என்பதும் எனக்குப் புதிது.

அன்னக்கிளி அம்மாளைப் பற்றி சிஸ்டர் போனில் சொன்னார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம். ஆரம்பம்தானாம். நன்றாக இருக்கிறாராம். சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமும்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று கதிர் இல்லை. மொட்டைமாடியில் அம்மாவின் தலைமுடியை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாத கோணம். அதனால்தான் சொல்ல முடிந்திருக்கும்.

"அம்மா. அந்த ஃபாரத்தை உன்னைக் கேக்காமலே நான் எழுதிட்டேன். நீ மறைக்கல. நான்தான் கேக்கல."

"இப்ப எதுக்கு அது?"

"டாக்டர் உன்னைத் திட்டுனாரு. நான் நின்னு பாத்துட்டிருந்தேன்."

அம்மா திரும்பவில்லை. முடிச்சிக்கலை அவளே ஒரு விரலால் எடுத்தாள்.

"நீ கேட்டிருந்தா மட்டும் சொல்லிருப்பேனா? இல்லைன்னுதான் சொல்லிருப்பேன். அதையெல்லாம் பெத்த மககிட்ட ஆரு சொல்லுவா? போட்டுக் கொழப்பிக்காத. சிக்கெடு, காயட்டும்."

எடுத்தேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அப்படியானால் அந்த மூன்று விசில் நேரம் எதையும் மாற்றியிருக்காது. பல வாரங்களுக்குப் பிறகு மதியம் தூங்கினேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். கதிர் எல்லாம் முடிந்தது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வைத்த பொங்கலைக் குறை சொன்னாள். பேச்சியத்தை வாசலில் நின்றபடியே அழுதார். "நான்ல கேலி பண்ணிட்டேன் மதினி, நான்ல எல்லாருக்கும் முன்னாடி கேலி பண்ணிட்டேன்."

"அட கிறுக்கி," என்றாள் அம்மா, "நீ என்னைக்கு கேலி பண்ணாம இருந்த?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இந்த வாக்கியத்தை நாளுக்குப் பல தடவை எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். பேச்சியத்தைக்கும் அதைச் சொல்லித் தேற்றினேன்.

மார்ச் 4, புதன்

அம்மாவின் இடது கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுகிறது.

மார்ச் 11, புதன்

மதுரை. ஈரலுக்குப் போயிருக்கிறது. அதே டாக்டர். இந்தத் தடவை மாணவர்கள் இல்லை. என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் என்றார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"டாக்டர், அவங்க மறைக்கல," என்றேன். "நான் கேக்காமலே இல்லைன்னு எழுதினேன். உங்க ஃபைல்ல தப்பா இருக்கு."

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். கோப்பைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே சின்னதாகக் கையெழுத்திட்டார். திட்டியிருக்கலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அம்மாவைக் குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் பார்க்கக் கூடாது என்பதற்காக அவள் கண்ணை மூடுகிறாள்.

ஏப்ரல் 6, திங்கள்

மூன்று கரண்டி கஞ்சி. ஒரு வாய் இளநீர்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிலோமினா சிஸ்டர் வாரம் இரண்டு தடவை வருகிறார். இன்று மாதா கோயிலில் பூசை முடிந்து, வெள்ளைச் சேலையோடு நேராக வந்தார். மருந்து கொடுத்துவிட்டு அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கதவு கிடையாது. பழைய சேலை ஒன்றுதான் திரை.

அந்த மருந்து உள்ளே போனால் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரும். கேட்கிறவர் சும்மா இருந்தால் இன்னும் வரும். சிஸ்டர் சும்மா இருந்தார்.

"எல்லா வீட்டுக்கும் போனா சிஸ்டர் அவ. பேச்சி வீட்டுல அரை மணி நேரம் உக்காந்து கேட்டாளாம். பேச்சி வந்து குடோன்ல சொன்னா, ஒம் மக டாக்டரு மாதிரி கேக்குறா, மனசுல இருக்கதெல்லாம் கொட்டிட்டேன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நம்ம வீட்டுக்கும் ஒரு நா வருவால்லன்னு இருந்தேன்."

துணியைப் பிழியும் சத்தம்.

"நானா எப்பிடி ஆரம்பிக்க? ஃபாரத்தோட வந்து உக்காந்து கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். அன்னைக்குத் தெரு முடியுதுன்னு பேச்சி சொன்னா. குடோன்ல இருந்து வரும்போது மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். எந்த மாசத்துல இருந்து, எத்தன நாளுன்னு, மறக்காம இருக்க."

துணியை மறுபடி வாளியில் நனைக்கும் சத்தம்.

"வந்தா, எழுதிட்டேன்னுட்டா."

"அவகிட்ட இதச் சொன்னீங்களா ராமுத்தாயம்மா?"

"அய்யய்ய. கேட்டிருந்தாலும் சொல்லிருக்க மாட்டேன்னுல சொல்லி வச்சிருக்கேன். பிள்ளை அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடுறா. அவ கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க சிஸ்டர். எனக்கப்புறமும்."

கஞ்சி அடிப்பிடிக்கப் பார்த்தது. கிண்டினேன்.

சிஸ்டர் கை கழுவத் திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். எவ்வளவு கேட்டது என்று என் முகத்தில் தேடினார். பிறகு குழாயைத் திறந்தார்.

"உங்கம்மா இருக்காங்களே," என்றார், உள்ளே கேட்கும்படி உரக்க. "நீ தலைகீழா நின்னு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க ஜோதி."

அவர் கண் கலங்கியிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா சிஸ்டர்," என்றேன். நானும் உரக்கத்தான் சொன்னேன். "எனக்குத் தெரியும். அம்மா சொல்லிட்டாங்க."

உள்ளே அம்மா மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"ஜோதி," என்று கூப்பிட்டாள். "நேத்து மாதிரி இல்லாம உப்புக் கொஞ்சம் கூடப் போடு."

போட்டேன்.